ஊருக்கு அனுப்ப வேண்டிய படம்

(தாம்பரத்தில் இளைஞர்களும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வெளிநாட்டு வேலையும் ஆவணப்படமும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "இரண்டுக்கும் என்னப்பா சம்பந்தம்? சம்பாதிக்கப் போனவன் வேலையைப் பார்ப்பானா, கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிவானா?" நியாயமான கேள்விதான். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாடு போன ஒவ்வொருவரும் ஏற்கெனவே படம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த இளைஞன் விமானம் ஏறுகிறான். ஆனால் அந்தப் படம் பாதியைத்தான் சொல்கிறது. மீதிப் பாதியையும் எடுங்கள், எடுத்து ஊருக்கு அனுப்புங்கள் என்பதுதான் இன்றைய என் பேச்சு.

நம் ஊரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரத்தை விட்டு இங்கே குடிவந்தது. 1949-இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. 1984-இல் சானடோரியத்தில் மெப்ஸ் என்று நாம் சொல்லும் ஏற்றுமதி மண்டலம் வந்தது. 2021-இல் மாநகராட்சியும் ஆகிவிட்டோம். ரயில் வந்தது, கல்லூரி வந்தது, கம்பெனி வந்தது. வண்டலூர் பக்கம் போனால் திரும்பிய பக்கமெல்லாம் பொறியியல் கல்லூரி. ஆனால் படித்து முடித்த பிள்ளை எங்கே போகிறான்? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் திரிசூலம். எதிரே விமான நிலையம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது வெளிநாடு!

2015-இல் எடுத்த தமிழ்நாட்டு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் வாழும் நம் மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் என்று கணக்கிட்டது. அதில் முன்வரிசையில் நிற்பவை சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும். 22 லட்சம் பேர் என்றால் லட்சக்கணக்கான வீடுகளில் தினமும் போன் மணி அடிக்கிறது. அத்தனை வீடுகளுக்கும் படம் வருகிறது.

என்ன படம்? உங்கள் கையில் இருக்கும் போனிலேயே பாருங்கள். மாமா மகன் துபாயிலிருந்து ஸ்டேட்டஸ் போட்டிருப்பார். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பின்னால் 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா. பொய்யா? இல்லை. அவர் அங்கே நின்றது உண்மை. ஆனால் அது வாரத்தில் ஒரு சாயங்காலம். மீதி நாளெல்லாம் எங்கே இருந்தார்?

நான் ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தவன். தொழிலாளர் கேம்ப்களுக்குப் போய் வருவேன். அங்கே கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இரண்டடுக்குக் கட்டில்கள் போட்ட அறை. ஒவ்வொரு கட்டிலுக்கும் பழைய போர்வைதான் திரை. கட்டில் கம்பியில் ஈரத் துண்டு, ஹெல்மெட், சாப்பாட்டு டப்பா. வீட்டிலிருந்து வீடியோ கால் வரும் நேரம். நம் முடிச்சூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் சட்டையை மட்டும் மாற்றுகிறார். கீழே சிமெண்ட் படிந்த அதே வேலை உடுப்பு. அது போனில் தெரியப் போவதில்லையே! கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து, முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, போனைச் சற்றே உயர்த்திப் பிடிக்கிறார். இப்போது அம்மாவுக்குத் தெரிவது பிள்ளையின் முகமும் வெள்ளைச் சுவரும் மட்டும்தான். "சாப்பிட்டியாப்பா?" "ஆச்சும்மா, பிரியாணி." மேல் கட்டிலில் படுத்திருப்பவர் இருமல் வந்தும் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

அந்தத் தம்பி எந்தச் சினிமாப் பள்ளியிலும் படித்தவர் இல்லை. ஆனாலும் ஃப்ரேம் வைக்கத் தெரிந்தவர். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பாசத்தால்தான் அப்படிச் செய்கிறார். பெற்றவள் கலங்கக் கூடாது என்கிற பாசம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதே படத்தை, அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று இன்னொருவன் பார்க்கிறான். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடும் அவருடைய தம்பி. அவன் என்ன நினைக்கிறான்? "அண்ணன் ஜம்முன்னு இருக்கான். நாமளும் போயிடலாம்." அடுத்த வாரம் ஏஜென்ட் வீட்டு வாசலில் நிற்கிறான்.

இதைவிடப் பெரிய இளைஞர் பிரச்சினை நம் பகுதியில் எது? நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, சூப்பர்வைசர் வேலை என்று நம்பிப் போய், இறங்கிய பிறகு ஹெல்பர் விசா என்று தெரிந்துகொள்கிறவர்கள் எத்தனை பேர்? படித்தவர்கள் மட்டும் தப்பித்தார்களா? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற விளம்பரத்தை நம்பிப் போனவர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் அங்கிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள். நம் கல்லூரிகள் உருவாக்குவதும் அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தானே?

பதிவு பெற்ற முகவர் ஒருவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்பது சட்டம். வெளிநாடு போகும் தொழிலாளருக்கு மத்திய அரசின் காப்பீடு ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். இந்த அரங்கில் எத்தனை பேருக்கு இது தெரியும்? கை தூக்குங்கள், பார்க்கலாம். எண்ணிவிடலாம் போலிருக்கிறதே! அரசு விளம்பரம் செய்யாமல் இல்லை. ஆனால் நோட்டீஸில் படித்தது மனதில் நிற்பதில்லை. "நான் கட்டாமல் போனேன், என் குடும்பம் பட்ட பாட்டைப் பார்" என்று ஒருவர் முகம் பார்த்துச் சொன்னால் நிற்கும். அந்த முகத்தைக் கொண்டுவந்து காட்டுவதுதான் ஆவணப்படம்.

"அதெல்லாம் பெரிய ஆட்கள் வேலை. மாசச் சம்பளக்காரன் எங்கே படம் எடுப்பது?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஒரு தமிழரின் கதையைச் சொல்கிறேன்.

கோட்டையூரில் 1911-இல் பிறந்தவர் ஏ.கே. செட்டியார். பிழைப்புக்குக் கடல் கடந்தவர். ரங்கூனில் 'தனவணிகன்' என்ற பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை கற்றார். பிறகு நியூயார்க்கிலும் படித்தார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். அன்று காந்தியின் பிறந்த நாள். காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தால் என்ன என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் அவருக்குத் தோன்றியது. வயது என்ன தெரியுமா? இருபத்தாறு நிறையவில்லை! சுவரோரம் நிற்கும் தம்பிகளே, உங்கள் வயது.

ஸ்டுடியோ உண்டா? இல்லை. பின்னால் பண முதலை உண்டா? இல்லை. உலகத்தின் பல மூலைகளில், பலர் பல காலங்களில் காந்தியைப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகளைத் தேடி நாடு நாடாக அலைந்தார். காந்தி வாழ்ந்த தென்னாப்பிரிக்காவுக்கே போனார். 1912-இல் கோகலே அங்கே வந்திருந்தபோது எடுத்த படத்தைத் தேடிப் பிடித்தார். இப்படிச் சேர்த்தது 50,000 அடிப் படச்சுருள். அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்தார். 1940 ஆகஸ்டில் படம் சென்னையில் தமிழ் விளக்கவுரையோடு திரைக்கு வந்தது. இந்திய ஆவணப்பட வரலாற்றில் அழியாத இடம் பெற்ற அந்தப் படம், வெளிநாட்டில் இருந்த ஒரு தமிழ் இளைஞனின் தலையில் பிறந்தது. அவர் அலைந்த கதையை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலில் படிக்கலாம்.

அவருக்கு முன்னால் இருந்த தடைகளை எண்ணுங்கள். வெள்ளைக்காரன் ஆட்சி. உலகப் போர் மூளும் நேரம். படச்சுருளைக் கப்பலில் சுமந்து வர வேண்டும். உங்கள் முன்னால் இருக்கும் தடை என்ன? போனில் இடம் இல்லை என்பதா? பழையதை அழித்து இடம் பண்ணிக்கொள்ளலாம், தம்பி!

இன்னொருவரைச் சொல்கிறேன், இவரிடம் கற்க வேண்டியதும் உண்டு, தவிர்க்க வேண்டியதும் உண்டு. ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி. ரயில்பாதை முதலாளி ஒருவருக்காகக் கனடாவின் வடகோடியில் கனிமம் தேடும் வேலைக்குப் போனவர். வேலைக்கு நடுவே அங்குள்ள இனுயிட் மக்களைப் படம் பிடித்தார். 1916-இல் சிகரெட் நெருப்புப் பட்டு 30,000 அடிச் சுருள் எரிந்துபோயிற்று. ஆனால் எரிந்த படத்தைப் பற்றி அவருக்கே திருப்தி கிடையாது. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று ஊர் சுற்றிக் காட்டிய படம் அது. அடுத்த முறை ஒரு மனிதனையும் அவன் குடும்பத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார். அதுதான் 1922-இல் வந்த 'நனூக் ஆஃப் தி நார்த்'. ஊரையெல்லாம் எடுத்தால் யாரும் நினைவில் நிற்கமாட்டார்கள். ஒருவரை எடுத்தால் ஊரே தெரியும். இது கற்க வேண்டியது.

தவிர்க்க வேண்டியது எது? அந்த மக்கள் அப்போதே துப்பாக்கி வைத்திருந்தார்கள். இவரோ ஈட்டியால் வேட்டையாடச் சொல்லிப் படம் எடுத்தார். படத்தில் மனைவியாக வரும் பெண் அந்த மனிதரின் மனைவி இல்லை. தன் மனதில் இருந்த ஊரை, அந்த ஊர்க்காரர்களை வைத்தே நடிக்க வைத்துவிட்டார். வெளிநாட்டில் இருந்துகொண்டு தாம்பரத்தைப் பற்றிப் படம் எடுக்க நினைக்கும் நண்பர்களே, உங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. நீங்கள் விட்டுவிட்டுப் போன தாம்பரம் உங்கள் தலைக்குள் இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் பேருந்து நிலையம் வந்த பிறகான தாம்பரம் உங்களுக்குத் தெரியாது. அதனால் "நம்ம ஊர்ப் பசங்க கெட்டுப்போயிட்டாங்க" என்ற தீர்ப்போடு கேமராவைத் திறக்காதீர்கள். கேள்வியோடு திறங்கள்.

எப்படிப்பட்ட கேள்வி? ஓர் எடுத்துக்காட்டு. மின்சார ரயில் படியில் தொங்கிக்கொண்டு கத்தும் மாணவர்கள், வழித்தடத்துக்கு ஒரு தலைவன் என்று மோதிக்கொள்ளும் 'ரூட்டு தல' சண்டை, கையில் கத்தி. இருபது விநாடி வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. பார்க்கிறோம், திட்டுகிறோம், அடுத்த வீடியோவுக்குப் போகிறோம். அந்த வீடியோவில் இருக்கும் பையன் காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினான்? கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் அவனை யார் கூப்பிட்டார்கள்? வேறு எந்த இடத்திலாவது அவன் பெயரைச் சொல்லி யாராவது அழைத்திருக்கிறார்களா? கேட்டோமா? கத்தியை நியாயப்படுத்தச் சொல்லவில்லை. கத்திக்கு முந்தைய பத்து மாதத்தைக் காட்டச் சொல்கிறேன். செய்தி நடந்ததைக் காட்டும். நடப்பதற்கு முந்தைய நாட்களைக் காட்ட ஆவணப்படத்தால்தான் முடியும்.

இன்னோர் எடுத்துக்காட்டு, நம் தெற்குப் புறநகரிலேயே. 2000-ஆம் ஆண்டிலிருந்து நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கண்ணகி நகரில் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது முகவரியைப் பார்த்தே முகம் சுளிக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்தார்கள். அங்கே கேமரா போனதெல்லாம் பெரும்பாலும் குற்றச் செய்திக்கு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அணியின் துணைத் தலைவி கண்ணகி நகர் கார்த்திகா. எந்த முகவரியை மறைக்கச் சொன்னார்களோ, அந்த முகவரி பெயருக்கு முன்னால் பட்டமாக ஏறி உட்கார்ந்தது! அன்றைக்கு எல்லாக் கேமராவும் ஓடி வந்தது. மகிழ்ச்சி. ஆனால் தங்கம் வாங்காத பிள்ளைகளும் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு மாலையில் வீடு திரும்பும் ஒரு தங்கையின் ஒரு நாளை யார் எடுப்பது?

"நான் இருப்பது தோஹாவில். கண்ணகி நகரை எப்படி எடுப்பது?" எடுக்கலாம், ஜோடியாக. வெளிநாட்டில் ஒருவர், இங்கே ஒருவர். இங்கே இருப்பவர் கேமராவும் கையுமாகப் போகட்டும். அங்கே இருப்பவர் கேள்வி அனுப்பட்டும், காசு அனுப்பட்டும், இரவில் உட்கார்ந்து தொகுக்கட்டும். அதேபோல அங்கே எடுத்ததை இங்கே இருப்பவர் பார்த்து, "அண்ணா, இது எனக்குப் புரியவில்லை, இதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்களே" என்று சொல்லட்டும். பக்கத்தில் இருப்பவனுக்குப் பழகிப்போனது தூரத்தில் இருப்பவன் கண்ணில் படும். தூரத்தில் இருப்பவன் மறந்துபோனதைப் பக்கத்தில் இருப்பவன் சொல்வான். இருவரும் சேர்ந்தால்தான் படம் நேராக நிற்கும்.

வெளிநாட்டு வேலைக்காரருக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ லீவில் வருகிறீர்கள். அதைக் குறை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1964-இல் ஏழு வயதுக் குழந்தைகள் பதினான்கு பேரை வைத்து 'செவன் அப்' என்று ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள். பிறகு மைக்கேல் ஆப்டெட் என்ற இயக்குநர் ஏழு ஆண்டுக்கு ஒரு முறை அதே மனிதர்களைத் தேடிப் போய் எடுத்தார். 2019-இல் அவர்களுக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு நாட்டின் வர்க்கமும் படிப்பும் வாய்ப்பும் ஒவ்வொருவர் முகத்திலும் எப்படி எழுதிப் போயிற்று என்று அந்தத் தொடர் காட்டியது. நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் ஒரே ஒரு தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருஷம் என்ன ஆச்சு?" மெப்ஸில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த தங்கையிடம் கேளுங்கள். நான்கு லீவு கழித்து உங்கள் கையில் இருப்பதை எந்தத் தொலைக்காட்சியாலும் எடுக்க முடியாது.

சரி, எடுப்பது எப்படி? தொழிலுக்கு வருகிறேன்.

முதலாவது, சட்டம். இதில் விளையாடக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவரின் அனுமதி இல்லாமல் அவரைப் படம் பிடித்துப் பரப்புவது குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. வேலை செய்யும் இடத்துக்குள், துறைமுகத்தில், அரசுக் கட்டடங்களில் போனை நீட்டாதீர்கள். நாட்டுக்கு நாடு விதி மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். "அப்படியென்றால் எதைத்தான் எடுப்பது?" குரலை எடுங்கள். கையை எடுங்கள். ஒருவரின் சம்மதத்தோடு, முகம் காட்டாமல், அவர் தன் செருப்பைக் கழற்றி வைப்பதையும், சம்பளத்தை எண்ணி மூன்றாகப் பிரிப்பதையும் எடுங்கள். வட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, மெஸ்ஸுக்கு ஒன்று. மூன்றாவது கட்டு எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று திரையில் பார்த்தால் போதும், விளக்கவுரை வேண்டாம்.

இரண்டாவது, ஒலி. கற்றுக்குட்டிகளின் படம் கெடுவது பெரும்பாலும் கண்ணால் இல்லை, காதால். கேம்ப் அறையில் ஏ.சி. இரைச்சலுக்கு நடுவே பேட்டி எடுத்தால் ஒன்றும் கேட்காது. அதை நினைத்தபடி அணைக்கவும் முடியாது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவரைக் கேட்டுவிட்டு, பத்து நிமிடம் மட்டும் அணையுங்கள். காலரில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள். இங்கே மட்டும் என்ன? பல்லாவரத்தில் பேட்டி எடுத்தால் தலைக்கு மேல் விமானம். சேலையூரில் விமானப்படைப் பயிற்சி விமானம். ஜி.எஸ்.டி. சாலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பேசுபவரின் கண்ணில் நீர் தளும்பும் நேரம் பார்த்துத்தான் விமானம் போகும்! பொறுங்கள். போன பிறகு மறுபடி கேட்காதீர்கள். அவரே தொடரட்டும் என்று அமைதியாக இருங்கள்.

மூன்றாவது, நேரம். வாரம் ஒரு நாள்தான் ஓய்வு. அன்றைக்குத்தான் துணி துவைக்க வேண்டும், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், தூங்கவும் வேண்டும். அதனால்தான் குறும்படம் என்கிறேன். ஐந்து நிமிடம் போதும். ஒருவர், ஓர் இடம், ஒரு கேள்வி. கோடையில், ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, அமீரகத்தில் வெட்டவெளியில் வேலை செய்பவர்களுக்குப் பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை கட்டாய ஓய்வு உண்டு. அந்த ஓய்வைப் பற்றி ஒருவரை அறையில் பேசவைத்தாலே ஒரு படம். எங்கே நிழல் கிடைக்கிறது, எதை விரித்துப் படுக்கிறார், யாருக்குப் போன் செய்கிறார்? சாதாரணக் கேள்விகள்தான். பதிலில் ஒரு வாழ்க்கை இருக்கும்.

நான்காவது, சம்மதம். இரண்டு முறை கேளுங்கள். எடுப்பதற்கு முன் ஒரு முறை. தொகுத்து முடித்த பிறகு அவருக்கே போட்டுக் காட்டி இன்னொரு முறை. "இதை எடுத்துடுங்கண்ணே, வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்றால் எடுத்துவிடுங்கள். உங்கள் படத்தில் அது உயிரான இடமாக இருக்கலாம். இருந்தாலும் எடுத்துவிடுங்கள். அவர் நாளைக்கும் அதே முதலாளியிடம் வேலைக்குப் போக வேண்டியவர்.

சரி, எடுத்தாயிற்று. யாருக்குக் காட்டுவது? யூடியூபில் போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதா? கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஃபோகோ என்று ஒரு மீனவத் தீவு. 1967-இல் அரசாங்கம் அந்த மக்களைத் தீவை விட்டுக் கிளப்ப நினைத்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து காலின் லோ என்ற இயக்குநர் போனார். ஒரே பெரிய படமாக எடுக்காமல், இருபதுக்கும் மேற்பட்ட சிறு படங்களாக எடுத்தார். அவற்றை முதலில் தலைநகரில் காட்டவில்லை. அந்தத் தீவு மக்களுக்கே காட்டினார். ஒரு கிராமத்தார் சொன்னதைப் பக்கத்துக் கிராமத்தார் பார்த்தார்கள். "நம் கஷ்டம்தானே அங்கேயும்!" என்று தெரிந்தது. பிறகு அரசாங்கத்துக்குக் காட்டினார்கள். மக்கள் மீன்பிடிக் கூட்டுறவு அமைத்தார்கள், தீவிலேயே தங்கினார்கள். இடம்பெயர்க்கப்பட்டவர்கள் வாழும் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் அருகில் இருக்கும் நாம் இந்தக் கதையை அறிந்திருக்க வேண்டாமா?

ஆகவே உங்கள் படத்தை முதலில் காட்ட வேண்டிய இடம் எது? ஐ.டி.ஐ. வகுப்பறை. பாலிடெக்னிக்கின் இறுதியாண்டு. கிளை நூலகம். மொட்டைமாடி. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பையன் இருக்கும் இடம் எதுவோ, அது. படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவரை எழுப்பிப் பேசச் சொல்லுங்கள். ஐந்து நிமிடப் படம், ஐம்பது நிமிடப் பேச்சு. அந்தப் பேச்சுக்காகத்தான் படமே.

சில பெரியவர்கள் மனதில் ஒரு தயக்கம் ஓடுவது எனக்குத் தெரிகிறது. "நம் பிள்ளைகள் படும் பாட்டைப் படம் எடுத்துக் காட்டினால் குடும்ப மானம் போகாதா? பெண் கொடுப்பார்களா?" ஐயா, அம்மா, யோசித்துப் பாருங்கள். பாடுபட்டு உழைப்பதில் மானக்கேடு எங்கே இருக்கிறது? ஏமாற்றியவன் அல்லவா தலை குனிய வேண்டும்? நீங்கள் மூடி வைப்பதால் காப்பாற்றப்படுவது உங்கள் மானம் இல்லை, அந்த ஏஜென்ட்டின் தொழில். இன்னொன்றும் சொல்கிறேன். உண்மைப் படம் என்றால் அழுகைப் படம் என்று அர்த்தம் இல்லை. வெளிநாட்டு வேலையால் வீடு கட்டியவர்கள் உண்டு, தங்கையைப் படிக்க வைத்தவர்கள் உண்டு, நல்ல முதலாளி கிடைத்து மதிப்போடு வாழ்பவர்கள் உண்டு. அதையும் எடுங்கள். போகாதே என்று யாரையும் நான் தடுக்கவில்லை. தெரிந்து போ என்கிறேன். பார்த்துவிட்டுப் போ என்கிறேன்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். அரசு அதன் விழாவை நடத்தட்டும். தாம்பரத்தில் நாம் ஒரு திரை கட்டுவோம். இன்று இரவே உங்கள் அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ அத்தை மகளுக்கோ போன் போடுங்கள். வீட்டு வேலைக்குப் போன அக்காவை விட்டுவிடாதீர்கள். நர்ஸாகப் போன அக்காவையும் கூப்பிடுங்கள். ஐந்து நிமிடப் படம் ஒன்று கேளுங்கள். அதில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கட்டும். எவ்வளவு கட்டிவிட்டுப் போனீர்கள்? சொன்ன வேலை என்ன, கிடைத்த வேலை என்ன? என்னையும் வரச் சொல்வீர்களா? அவ்வளவுதான். அவர் மழுப்பினால் விடாதீர்கள். "சும்மா இருக்கட்டும்டா" என்றால், "எனக்காக எடுங்கண்ணா, நான்தான் அடுத்து ஏறப் போறவன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் எந்த அண்ணனாலும் மழுப்ப முடியாது.

வெளிநாட்டில் இருந்து இந்த உரையை அச்சில் படிக்கப் போகும் நண்பர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். ஏ.கே. செட்டியார் நாடு நாடாக அலைந்து ஒரு மாமனிதரைத் தேடினார். நீங்கள் அலைய வேண்டியதில்லை. தேட வேண்டிய மனிதர் உங்கள் மேல் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். கீழே இறங்கி வரச் சொல்லுங்கள், காலரில் மைக்கை மாட்டுங்கள், முதல் கேள்வியைக் கேளுங்கள். முதல் படம் சுமாராகத்தான் வரும். பரவாயில்லை, அனுப்புங்கள், பார்த்துக் குறை சொல்ல இங்கே நாங்கள் இருக்கிறோம். இரண்டாவது படம் தேறும். மூன்றாவது படத்தைப் பார்த்துவிட்டு முடிச்சூரிலோ பம்மலிலோ ஒரு பையன் ஏஜென்ட்டிடம் போய், "முதலில் வேலை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், அப்புறம் பணம் பேசலாம்" என்று நிமிர்ந்து நின்று கேட்பான். ஒரே ஒரு பையன் அப்படிக் கேட்டுவிட்டால் நம் படங்கள் ஓடிவிட்டன என்று அர்த்தம்.